மூட்டை போகும் ஊர்

முதல் நாள், தண்டையார்பேட்டை

மன்னை எக்ஸ்பிரஸிலிருந்து எழும்பூரில் இறங்கும்போது இன்னும் சரியாக விடியவில்லை. தோளில் ஒரு பை, இடுப்பில் பத்துக் கிலோ அரிசி. எங்கள் வீட்டுப் புழுங்கலரிசி, பெரியம்மா மகனுக்கு. சென்னையில் கிடைக்காத பொருளா என்று ரயிலில் எதிரே உட்கார்ந்திருந்தவர் கேட்டார். கிடைக்கும்தான். ஆனால் மன்னார்குடிப் பக்கத்திலிருந்து சொந்தக்காரர் வீட்டுக்கு வெறுங்கையோடு போனால் அந்தப் பேச்சு மூன்று தலைமுறைக்கு நிற்கும்.

பள்ளிக்குக் காலாண்டு விடுமுறை. உடன் வேலை பார்க்கும் ஆசிரியைகள் ஏற்காடு, கொடைக்கானல் என்று கிளம்பிவிட்டார்கள். நான் அரசாங்கம் தானியத்தை எப்படி வைத்துக் காக்கிறது என்று பார்க்க வந்திருக்கிறேன். சொன்னால் சிரிக்கிறார்கள். அவர்களுக்கு வயல் இல்லை.

எங்களுக்கு மூன்று ஏக்கர். குறுவை அறுத்தாயிற்று. நெல் கொள்முதல் நிலையத்துக்கு முன்னால் குவியலாகக் கிடக்கிறது. பக்கத்தில் கயிற்றுக் கட்டிலோடு என் கணவர் காவல். சென்ற ஆண்டும் இதே புரட்டாசியில் இதே போல வரிசையில் ஒன்பது நாள் கிடந்தோம். நடுவில் மூன்று நாள் மழை. தார்ப்பாயை விலக்கிக் குவியலுக்குள் கையை விட்டேன். அணைத்த அடுப்பின் சாம்பலுக்குள் விட்டது போலச் சூடு. நெல் உயிருள்ள பொருள். ஈரம் ஏறினால் அது வேகமாக மூச்சு விடும், அந்த மூச்சில் குவியல் புழுங்கும். நான்காம் நாள் ஓரத்து நெல்லில் வெள்ளை முளை எட்டிப் பார்த்தது.

ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் வாங்கக் கூடாது என்பது விதி. மழைக் காலத்தில் மாநில அரசு டெல்லிக்கு எழுதும், மத்தியக் குழு வந்து மாதிரி எடுத்துப் போகும், சில ஆண்டுகளில் 19, 20 என்று தளர்த்துவார்கள். உத்தரவுக்காகக் காத்திருக்க நெல்லுக்குத் தெரியாது. அது பாட்டுக்கு முளைக்கும்.

அந்த ஆண்டு பட்ட எரிச்சலில் எழுந்த கேள்விதான் இந்தப் பயணம். வாங்கிய பிறகு எங்கள் மூட்டை எங்கே போகிறது? அங்கேயாவது அதற்குக் கூரை உண்டா?

அண்ணன் இந்திய உணவுக் கழகத்தில் தர ஆய்வாளராக இருந்து சென்ற ஆண்டு ஓய்வு பெற்றவர். வாசலில் என்னைப் பார்த்ததும் "வா தங்கச்சி" என்றார். அடுத்த நொடியே பையை அவிழ்த்து நான்கு அரிசியை எடுத்துக் கடைவாயில் வைத்துக் கடித்தார். 'டக்'கென்று சத்தம்.

"பதின்மூன்று இருக்கும்."

"என்ன அண்ணா?"

"ஈரப்பதம்."

"வந்தவளுக்கு ஒரு காபி கொடுப்பதற்கு முன்பே மதிப்பெண் போட்டாயிற்று" என்றார் அண்ணி.

இரண்டாம் நாள், ஒரு கிடங்கு

எந்தக் கிடங்கு என்று எழுதக் கூடாது, படம் எடுக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு உள்ளே விட்டார்கள். வடசென்னையில் இருக்கிறது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

முதலில் கண்ணில் பட்டது உயரம். கிடங்கின் தரை லாரியின் தளத்துக்குச் சமமாக, இடுப்பளவு மேடையில் இருக்கிறது. மூட்டை இறக்க வசதி என்று நினைத்தேன். அதுவும்தான், ஆனால் வெள்ளத்துக்கும் எலிக்கும் அதே மேடைதான் முதல் தடை என்றார் அண்ணன். வலைக்கம்பி அடித்த சாளரங்களுக்கு வெளியே புறாக்கள் வரிசையாக உட்கார்ந்து உள்ளே பார்த்துக்கொண்டிருந்தன. எங்கள் கொள்முதல் நிலைய வாசலில் நாங்கள் உட்கார்ந்திருப்பது ஞாபகம் வந்தது.

உள்ளே கோணியும் அரிசியும் கலந்த வாசனை. ஐம்பது கிலோ மூட்டைகள் வீடு போல அடுக்கப்பட்டு, ஒவ்வோர் அடுக்கின் நெற்றியிலும் ஓர் அட்டை: எந்த நாள் வந்தது, எத்தனை மூட்டை, கடைசியாக எப்போது மருந்து வைத்தது. மூட்டை நேராகத் தரையில் உட்காருவதில்லை, அடியில் மரச்சட்டங்கள். சிமெண்ட் தரை ஈரத்தை உறிஞ்சி மேலே ஏற்றும். சுவருக்கும் அடுக்குக்கும் இடையில் இரண்டரை அடிச் சந்து. அந்தச் சந்துக்குள் அண்ணன் ஒருக்களித்து நுழைந்தார். "ஆள் நுழைய முடியாத இடத்தில் வண்டு குடும்பம் நடத்தும்" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஒவ்வோர் அடுக்கையும் சோதிக்க வேண்டும். பழைய சகா ஒருவர் செய்து காட்டினார். குத்தூசி என்று எங்கள் ஊர் வியாபாரிகள் சொல்வார்களே, முனை கூராகவும் நடுவில் பள்ளமாகவும் இருக்கும் அதே கம்பி. கோணியின் இழை அறாமல் சாய்த்துக் குத்தினார். பள்ளத்தின் வழியே அரிசி சரசரவென்று இறங்கியது. இப்படிப் பல மூட்டைகளில் எடுத்துச் சேர்த்து அரைக் கிலோ. சல்லடையில் போட்டு அலசி, கீழே விழுந்ததை வெள்ளைத் தாளில் கொட்டினார். உயிருள்ள பூச்சி ஒன்றுகூட இல்லை என்றால் அடுக்கு சுத்தம். ஒன்றிரண்டு என்றால் எச்சரிக்கை. அதற்கு மேல் போனால் அந்த அடுக்குக்கு உடனே மருந்து.

தாளில் ஒன்று ஊர்ந்தது. கண்ணாடி போட்டுக்கொண்டு குனிந்தேன். ஏறக்குறைய ஓர் எள்ளளவு, கரும்பழுப்பு, முன்னால் யானைத் துதிக்கை போல ஒரு மூக்கு. நம் வீட்டு அரிசிப் பானையில் எல்லோரும் பார்த்த கூன்வண்டுதான். ஆனால் அது என்ன செய்கிறது என்று எனக்கு ஐம்பது வயதுவரை தெரியாது. பெண் வண்டு அந்த மூக்கால் அரிசி மணியில் குழி பறிக்கிறது, உள்ளே ஒரு முட்டை வைக்கிறது, கூழ் போன்ற ஒன்றால் குழியை அடைத்துப் பூசிவிடுகிறது. இப்படி ஒரு தாய் நூற்றுக்கணக்கில் வைக்கும். குஞ்சு மணிக்குள்ளேயே தின்று, உருமாறி, ஏறக்குறைய ஒரு மாதம் கழித்து ஓட்டை போட்டு வெளியே வரும். அதுவரை பார்வைக்கு நல்ல அரிசி. சல்லடையில் விழுவது வெளியே வந்தவை மட்டும். உள்ளே எத்தனை இருக்கும் என்று அந்தத் தாளைப் பார்த்துச் சொல்ல முடியாது.

செந்நிற மாவு வண்டு வேறு வகை. அதற்கு முழு அரிசியைக் குடைய வலுவில்லை. நொய், தவிடு, மற்ற வண்டுகள் உதிர்த்த மாவு இவற்றில்தான் பிழைப்பு. அதனால் கிடங்கில் முதல் மருந்து விளக்குமாறு. மரச்சட்டத்தின் அடியில் சிந்திக் கிடக்கும் ஒரு பிடி நொய்யைக் கூட்டாமல் விட்டால், மேலே எத்தனை மருந்து அடித்தும் வீண்.

மருந்து வைத்த அடுக்கு ஒன்று அடுத்த பிரிவில் இருந்தது. நான் கதவுக்கு வெளியேதான் நின்றேன். மண்டையோடு வரைந்த பலகை, முழு அடுக்கையும் மூடிய கனத்த உறை, உறையின் விளிம்பைத் தரையோடு அழுத்திப் பிடித்து மணல் அடைத்த நீளத் துணிக்குழாய்கள். மணல் பாம்பு என்கிறார்கள், நன்றாகவே பொருந்துகிறது. உள்ளே அலுமினியம் பாஸ்பைடு மாத்திரைகள், டன்னுக்கு மூன்று. ஒவ்வொன்றும் மூன்று கிராம். காற்றின் ஈரம் பட்டதும் ஒரு கிராம் பாஸ்பீன் வாயுவை விடும். மணிக்குள் இருக்கும் முட்டைவரை போய்ச் சேர வேண்டும் என்பதால்தான் ஐந்து நாள், ஏழு நாள் என்று மூடி வைப்பது. உறையில் ஊசி முனை அளவு ஓட்டை இருந்தாலும் வாயு மெலியும். மெலிந்த வாயுவில் வலுவான பூச்சிகள் தப்பும், தப்பியவற்றின் பிள்ளைகள் மருந்துக்கு அசையாது. "அரைகுறையாக மூடுவதற்கு மூடாமலே இருக்கலாம்" என்றார் சகா. நாட்பட்டு வெளியே எடுக்கும்போது மாத்திரை இருந்த இடத்தில் சாம்பல் நிறப் பொடி மட்டும் இருக்கும். பூண்டு வாசனை போல வந்தால் நின்று யோசிக்காதே, வெளியே ஓடு என்று புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு முதல் நாளே சொல்வார்களாம்.

ஆக, வண்டை ஒழிக்கத் தெரியும், எலியைத் தடுக்கத் தெரியும். அங்கே நின்றபோது எனக்குக் கொஞ்சம் பொறாமையாகவே இருந்தது. இவ்வளவு அக்கறையில் கால்வாசி எங்கள் குவியலுக்குக் கிடைத்திருந்தால்!

அண்ணன் எங்கள் அரிசியில் ஒரு பிடியைத் தாளில் மடித்துக் கொண்டுவந்திருந்தார். ஈரப்பதமானியில் போட்டுப் பார்த்தார்கள். 14.1. கிடங்குக்கு வரும் அரிசிக்கு 14தான் அளவு. சகா சிரிப்பை அடக்கிக்கொண்டார். "கருவி பழசாகிவிட்டது" என்றார் அண்ணன்.

எடைக் கணக்கில் ஒரு வேடிக்கை உண்டு. அரிசி இங்கே நாளாக நாளாகக் காய்ந்து எடை குறையும். வடக்கே வெயிலில் நன்றாகக் காய்ந்து வரும் கோதுமையோ காற்றின் ஈரத்தைக் குடித்து எடை கூடும். பேரேட்டில் ஒன்றுக்குக் குறைவும் மற்றதற்கு ஆதாயமும் எழுத வேண்டும். ஏறும் இறங்கும் இந்தத் தண்ணீருக்குள் கைவரிசையும் ஒளிந்துகொள்ளலாம் என்பதால் வரவின்போது அளந்த ஈரப்பதத்தையும் போகும்போது அளந்ததையும் வைத்துத்தான் குறைவை ஏற்பார்கள். வெளியே மழை மூட்டமாக இருந்தால் காற்றோட்டத்துக்கு என்று கதவைத் திறக்கக் கூடாது, வெயில் நாளில் மட்டும்தான் திறக்கலாம் என்பதும் இதனால்தான்.

சுமை தூக்குகிறவர்கள் ஒரு லாரியை நிரப்பிக்கொண்டிருந்தார்கள். முதலில் வந்த அடுக்குதான் முதலில் வெளியே போக வேண்டும். எழுத்தர் ஐந்தைந்தாகக் கோடு போட்டு எண்ணினார். எங்கள் களத்தில் தாத்தா மரக்காலால் அளக்கும்போது ஒன்று என்று சொல்ல மாட்டார். "லாபம், இரண்டு, மூன்று" என்றுதான் தொடங்குவார். எழுத்தரிடம் சொன்னேன். "எங்களுக்கு லாபமும் கிடையாது, நஷ்டமும் காட்டக் கூடாது" என்றார்.

மூன்றாம் நாள், கடற்கரை

மதியம்வரை மழை. ஊருக்கு போன் செய்தேன். அங்கே மூட்டம்தான், இன்னும் பெய்யவில்லை. தார்ப்பாய் பழசு, ஓரத்தில் கிழிந்திருக்கிறது என்றார் கணவர். என்னிடம் ஏன் சொல்கிறார் என்று தோன்றியது. பிறகு, வேறு யாரிடம் சொல்வார் என்றும் தோன்றியது.

மாலையில் மெரினா. தாது வருடப் பஞ்சம் என்று பாட்டி சொல்லுவாளே, 1876 முதல் 1878 வரை, அப்போது இந்த மெட்ராஸ் கடற்கரையில் தானிய மூட்டைகள் மலை மலையாகக் கிடந்தன. 1877 பிப்ரவரியில் எடுத்த படம் ஒன்று பல புத்தகங்களில் வருகிறது. கப்பலில் வந்து இறங்கியதை உள்நாட்டுக்கு எடுத்துப் போக ரயில் போதவில்லை. வைக்கக் கூரையும் இல்லை. மணலில் மூட்டை, மாகாணத்துக்குள் பட்டினி. நிவாரண வேலைக்குப் போன ஆணுக்கு நாள் கூலியாக ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும் என்று, பஞ்சத்தைக் கவனிக்க வந்த ஆங்கிலேய அதிகாரி ரிச்சர்ட் டெம்பிள் குறைத்ததும் அந்த ஆண்டில்தான். ஒரு பவுண்டு என்பது நம் கணக்கில் அரைக் கிலோகூட இல்லை. அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் பக்கிங்காம் கால்வாய்த் துண்டு பஞ்ச நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. வரும் வழியில் பஸ்ஸிலிருந்து பார்த்தேன். பறக்கும் ரயிலின் தூண்கள் நடுவில் நிற்க, கறுப்பாக அசையாமல் கிடந்தது.

சுண்டல் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தோம். அண்ணன் தன் துறை வரலாற்றைத் தொடங்கினார். இந்திய உணவுக் கழகம் 1965 ஜனவரி 14 அன்று, பொங்கல் நேரத்தில் பிறந்தது. சி. சுப்பிரமணியம் உணவு அமைச்சர். முதல் மாவட்ட அலுவலகம் எங்கள் தஞ்சாவூரில். தலைமையகமே அப்போது சென்னையில்தான், பிறகுதான் டெல்லிக்குப் போனது. அமெரிக்காவிலிருந்து பி.எல். 480 என்ற உணவு உதவிச் சட்டத்தின்படி கோதுமைக் கப்பல் வந்தால்தான் ரேஷன் என்றிருந்த காலம். மாநிலத்துக்கென்று நுகர்பொருள் வாணிபக் கழகம் 1972இல் வந்தது. அவருக்கு இதைச் சொல்லும்போது தனி மகிழ்ச்சி. தலைமையகம் டெல்லிக்குப் போனதில் மட்டும் இன்றும் வருத்தம், ஏதோ பக்கத்து வீட்டுக்காரர் காலி செய்துவிட்டுப் போனது போல.

சுண்டலில் ஒரு கல்.

நான்காம் நாள், எளாவூர்

கும்மிடிப்பூண்டிக்கு அப்பால் எளாவூரில் கோதுமைக்கு உருளைக் கிடங்கு இருக்கிறது. தண்டையார்பேட்டையிலிருந்து சூளூர்ப்பேட்டை மின்ரயில் ஏறினால் நேராகப் போய் இறங்கலாம். உள்ளே விட மாட்டார்கள், தனியார் நிறுவனம் உணவுக் கழகத்துக்காக நடத்துவது. சாலையிலிருந்தே பார்த்துவிட்டு வந்தோம்.

வெயிலில் பளபளக்கும் எஃகு உருளைகள். எங்கள் பாட்டி வீட்டு நெற்குதிர் ஒன்றை நூறு மடங்கு பெரிதாக்கி வரிசையாக நிறுத்தியது போல. குதிர் என்றதும் மண், வைக்கோல், சாணம் மெழுகிய வாசனை. அடியில் கை நுழையும் ஒரு துளை, அதில் துணிப் பந்து. நெல்லுக்கு நடுவில் வேப்பிலையும் நொச்சியிலையும் போடுவாள். இந்த உருளையிலும் கொள்கை அதேதான்: மேலே போடு, கீழே எடு, நடுவில் காற்றும் பூச்சியும் புகாமல் பார்த்துக்கொள். வேப்பிலைக்குப் பதில் வாயு, பாட்டியின் உள்ளங்கைக்குப் பதில் வெப்பநிலை காட்டும் கம்பிகள். 25,000 டன் பிடிக்கும். பஞ்சாபின் மோகாவில் இதைவிடப் பெரிய இரண்டு லட்சம் டன் தாய்க்கிடங்கு. அங்கிருந்து தனி வாகன்களில் கோதுமை சாக்கே இல்லாமல் கொட்டலாக வந்து சேரும். சாக்கு இல்லை என்றால் கிழிசல் இல்லை, கொக்கி இல்லை, சிந்தல் இல்லை.

மூட்டை கட்டி வரும் சாதாரணச் சரக்கு ரயிலில் 42 வாகன், ஏறக்குறைய 2,600 டன். ஐம்பது கிலோவாக வகுத்துப் பாருங்கள்: ஐம்பதாயிரத்துக்கு மேல் மூட்டை. ஒவ்வொன்றும் ஏற்ற ஒரு முதுகு, இறக்க ஒரு முதுகு. எதிர்க் கடையில் டீ குடிக்கும்போது இந்தக் கணக்கைப் போட்டேன். கடைக்காரர் தம் பங்குக்கு, "அத்தனை முதுகுக்கும் சோறு போடுவதும் அந்த மூட்டைதான் அம்மா" என்றார். அதற்கு எனக்குப் பதில் இல்லை.

அரிசியையும் இப்படி வைத்தால் என்ன என்று கேட்டேன். உமி நீங்கிய அரிசிக்குக் கவசம் இல்லை, உயரத்திலிருந்து கொட்டினால் உடையும், உடைந்தால் மாவு வண்டுக்கு விருந்து என்றார் அண்ணன். பீகாரில் சோதனையாகச் செய்திருக்கிறார்கள். நம் ஊர் ரேஷன் அரிசி இன்னும் பல காலத்துக்குக் கோணியில்தான் வரும்.

திரும்பும் ரயிலில் சண்டை வந்தது. சண்டை என்றால் அண்ணன் தங்கை சண்டைதான். கிடங்கில் சேதம் எவ்வளவோ குறைந்துவிட்டது, 2001இலும் 2010இலும் உச்ச நீதிமன்றம் தலையிடும் அளவுக்குப் போன நிலை இன்று இல்லை என்றார். 2010 ஆகஸ்டில், அழுக விடுவதைவிட ஏழைகளுக்கு இலவசமாகக் கொடுங்கள் என்று நீதிமன்றம் சொன்னதை அவர் மறுக்கவில்லை; அது வடக்கே திறந்தவெளியில் கிடந்த கோதுமையைப் பார்த்துச் சொன்னது என்றார்.

"அண்ணா, நான் உங்கள் கிடங்கைக் குறை சொல்லவில்லை. காய்ந்து, அரைத்து, 14 சதவீதத்துக்கு வந்த அரிசிக்கு மேடை, கூரை, மரச்சட்டம், மணல் பாம்பு எல்லாம் இருக்கிறது. 20 சதவீத ஈரத்தோடு மூச்சு விட்டுக்கொண்டிருக்கும் நெல்லுக்கு மண்தரை. எது சீக்கிரம் கெடும்? நீங்களே சொல்லுங்கள்."

"வாங்கும்வரை அது உங்கள் நெல், தங்கச்சி. எங்கள் பேரேட்டில் வராது."

பேரேட்டில் வராத நெல் கெட்டால் அது யார் கணக்கிலும் சேதம் ஆகாது. வாங்கிய பிறகும் அரவை ஆலைக்குப் போகும்வரை பல மூட்டைகள் திறந்தவெளியில் மரச்சட்டத்தின் மேல் கறுப்பு உறை போர்த்தித்தான் நிற்கின்றன. அதற்காவது ஓர் உறையும் ஓர் அட்டையும் இருக்கிறது. கூட்டுறவுச் சங்கங்கள் வழியாக 700 லட்சம் டன் கிடங்கு கட்டும் திட்டத்துக்கு 2023 மே மாதம் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. அதில் ஒரு துண்டு, ஒரே ஓர் உலர்த்தியும் நான்கு சுவரும், எங்கள் கொள்முதல் நிலையத்தை ஒட்டி வந்தால் போதும். கிடங்கு கட்டுகிறவர்கள் மூட்டை போய்ச் சேரும் ஊரில் நிறையக் கட்டிவிட்டார்கள். புறப்படும் ஊரிலிருந்து தொடங்கியிருக்க வேண்டும்.

பொன்னேரி தாண்டும்வரை அண்ணன் பேசவில்லை. எண்ணூர் வந்தபோது, "உலர்த்தி வேண்டும்தான்" என்றார்.

ஐந்தாம் நாள், பாரிமுனை

இரவு ரயில். பகலில் அண்ணியோடு பாரிமுனைக்குப் போனேன். அண்ணி புடவைக் கடைப் பக்கம் இழுத்தார். நான் தார்ப்பாய்க் கடைக்குள் நுழைந்துவிட்டேன்.

தார்ப்பாயில் இத்தனை ரகம் இருப்பது தெரியாது. கடைக்காரர் ஒரு முனையை என் கையில் கொடுத்துக் கிழிக்கச் சொன்னார், கிழியவில்லை. விளக்கின் முன்னால் பிடித்துப் பார்த்தேன். கிடங்கில் உறையை அப்படித்தான் சோதிப்பார்கள் என்று அண்ணன் சொல்லியிருந்தார். இரண்டு இடத்தில் ஊசி முனை அளவு வெளிச்சம். வேறு எடுங்கள் என்றேன். மழைக்குத்தானே அம்மா, இது போதும் என்றார். போதாது என்றேன். மூன்றாவதில் வெளிச்சம் இல்லை. முப்பது அடிக்கு முப்பது. விலையைக் கேட்டதும் அண்ணி, "இதற்கு இரண்டு புடவை வரும்" என்றார், எனக்கு மட்டும் கேட்கும்படி.

எழும்பூரில் அண்ணன் அதைத் தூக்கி இருக்கைக்கு அடியில் தள்ளினார். பெட்டி முழுக்கப் புது பிளாஸ்டிக் நெடி. எதிரே இருந்த பெண் மூக்கைப் பொத்திக்கொண்டு சாளரப் பக்கம் திரும்பிக்கொண்டாள். வண்டி தாம்பரம் தாண்டியதும் ஊருக்கு போன் செய்தேன்.

"இன்றைக்கு எத்தனை மூட்டை எடுத்தார்கள்?"

"நானூறு. சாயங்காலம் சாக்கு தீர்ந்துவிட்டது. நமக்கு முன்னால் இன்னும் ஆறு பேர்."

"மழை?"

"தூறுகிறது" என்றார். "நீ வாங்கியது எத்தனை அடி?"